சோற்றுக்குக் காத்திருந்தவருக்கு

மரச்சீனியை, உங்கள் ஊர்ப் பேச்சில் மரவள்ளிக் கிழங்கை, வேகவைத்துத் தண்ணீரை வடித்தேன். அந்த ஆவி முகத்தில் அடித்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. முன்னறையில் நம் மகன் இருக்கிறான். நாகர்கோவிலில் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள என்னை அழைத்துப்போக வந்திருக்கிறான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிச் சொல்ல?

எல்லைப் போராட்டக் காலத்தில்தானே நீங்கள் பாறசாலைப் பக்கம் வந்தீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று வீடு வீடாகப் பேச வந்தவர். முதல் நாள் அம்மா இலையில் மரச்சீனியும் சாளைமீன் கறியும் வைத்தாள். அதைத் தொட்டுக்கொள்ள வைத்தது என்று நினைத்து, சோறு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். ஏன் சாப்பிடவில்லை என்று அம்மாவும் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்ல கூத்து. கடைசியில் அவள்தான், "மக்கா, இதாக்கும் சாப்பாடு. சோறு நல்ல நாளைக்குத்தான் உண்டு" என்றாள். உங்கள் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்கள். பேச வந்தவர் அதற்குப் பிறகு அவ்வளவாகப் பேசவில்லை.

குளத்தூர், காரோடு என்று என் அப்பாவோடு நடந்தே சுற்றினீர்கள். எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், யார் கூலிக்கு எங்கே போகிறார்கள், மீன்காரி எந்த வழியாக வருவாள், எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். காரோட்டில் ஒரு பெண்ணிடம், வீட்டில் பேசுவது தமிழா மலையாளமா என்று கேட்டீர்களாம். "அதெல்லாம் ஆரு பாத்தா? வாயில வாறதப் பேசுவோம்" என்றாளாம். இதை அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். கதவுக்குப் பின்னால் நின்ற நான் அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன். இந்த வயதில் சொல்ல என்ன வெட்கம்?

பிறகு எல்லை போட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் கேரளத்திலேயே கிடந்தோம். உங்களோடு வந்தவர்கள் பஸ் ஏறினார்கள். நீங்களும் போய்விடுவீர்களோ என்று வேலிப்பக்கம் போய்ப் போய்ப் பார்த்தேன். அப்பாவிடம் வந்து, "இப்பத்தான் இந்த ஊர் புரிய ஆரம்பிச்சிருக்கு. பாதியில விட்டுட்டுப் போக மனசு வரலைங்க" என்றீர்கள்.

அப்பா வெற்றிலையை மென்றபடி, "ஊரையா, எனக்க மகளையா?" என்று கேட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் ஊருக்கே போய் இருக்கலாம் என்று ஒருதரம்கூட நீங்கள் சொன்னதில்லை. காவிரியில் தண்ணீர் திறந்த செய்தியைப் பேப்பரில் படித்தால் மட்டும் அதை மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுக்கத் திண்ணையிலேயே இருப்பீர்கள். நான் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்படி இன்னும் ஒரு நாள் உட்காரக் கிடைக்காதா என்று ஏங்குகிறேன்.

மகன் அடுக்களைக்கு வந்து, "அம்மா, அப்பா தமிழ்நாட்டுக்குவேண்டித்தானே பாடுபட்டாரு. அங்கேயே வந்து இரியேன்" என்றான். ஜன்னல் வழியாக, தென்னைமூட்டில் உங்களை அடக்கிய இடத்தைக் காட்டினேன்.

"எலே, அவரு இங்கல்லா கிடக்காரு. நான் மட்டும் எந்த ஸ்டேட்டுக்கு வர?"