பத்தில் ஒன்று வேறு உருக்கு

என்னை "மாப்ளே" என்று கூப்பிட்ட ஒரே மனிதரான அத்தானுக்கு,

அக்காவுக்கு முழங்கால் வலி விடவில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறாள். உங்கள் மகள் மீனா வேலைக்குப் போகிறாள். தமிழில் கேட்டால் இன்னமும் தெலுங்கில்தான் பதில் சொல்கிறாள். திருமுல்கேரியில் அதே வீடுதான். வாசல் கதவுக்கு மட்டும் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே இருந்தபோது யாதகிரி வந்தார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறு யாராவது இதைப் படிக்க நேரலாம் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் உருக்கைப் பதப்படுத்தும் பிரிவுக்குப் போர்மேனாக இருந்தீர்கள். விபத்து நடந்த மாதம் உங்களிடம் பத்து ராடுகள் வந்தன. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த உருக்கு. பல டன் எடையைத் தாங்கித் தொங்க வேண்டியவை. உலையில் எண்ணூற்றைம்பது டிகிரி வரை சூடாக்கி, எண்ணெயில் முக்கி, மறுபடி அறுநூறு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடேற்றி நிறுத்துவீர்கள். எண்ணெயில் முக்கிய உருக்கு கடினமாக இருக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். இரண்டாவது சூடுதான் அதற்குப் பொறுமையைக் கொடுக்கிறது என்று ஒருமுறை எனக்கு விளக்கினீர்கள். சாதாரண கார்பன் உருக்கில் அந்தக் கனத்துக்கு ராடு செய்தால் எண்ணெய் போதாது, மேல்தோல் மட்டும்தான் இறுகும், உள்ளே இறுகாது என்றும் சொன்னீர்கள். அன்று அதைக் குறித்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

பத்தில் இரண்டை எடுத்துக் கடினம் பார்ப்பது விதி. பத்தையும் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கேட்டீர்கள். மார்ச் மாதக் கடைசி, நேரமில்லை என்று பதில் வந்தது. பார்த்த இரண்டும் சரியாக இருந்தன. சோதனை மேடையில் எடை ஏற்றியபோது வேறொரு ராடு நீண்டு, நடுவில் மெலிந்து, அறுந்தது. பக்கத்தில் நின்ற தொழிலாளி யாதகிரிக்கு வலது கை போயிற்று.

மறுநாள் அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார்: இரண்டாவது சூடு அளவுக்கு மிஞ்சிவிட்டது, அதனால் உருக்கு இளகிவிட்டது. பத்திரிகை நிருபரான நான் அப்படியே எழுதினேன். "பதப்படுத்தும் பிரிவு மேற்பார்வையாளரின் கவனக்குறைவே காரணம் எனத் தெரிகிறது." ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். மூன்றாம் பக்கம், கீழே.

மெட்டுகுடாவில் என் வீட்டு வாசலிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு பஸ். நான் ஏறவில்லை. சொந்தக்காரரைக் கேட்டு எழுதினால் பட்சபாதம் என்று நினைத்தேன். இது முழு உண்மை இல்லை. நீங்கள் எனக்கு யார் என்று தெரிந்தால், செய்தியை வேறு நிருபரிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. இத்தனை வருடம் முதல் காரணத்தை மட்டும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நான் வந்தபோது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கோபப்படவில்லை.

"ஒரே சட்டி, ஒரே ஆவி. பத்து இட்லியில ஒம்பது நல்லா வெந்து ஒண்ணு மட்டும் கொழஞ்சிருக்கு. சட்டியையா கொற சொல்லுவீங்க? மாவுல்லா வேற" என்றீர்கள். கை கழுவ எழுந்தபோது, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா, மாப்ளே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை, அத்தான்? எனக்குக் கூச்சமாக இருக்கும் என்றா? கேட்டும் பயனில்லை என்றா? மிச்ச ஒன்பது ராடுகளும் சரியாக இருந்ததை விசாரணையில் யாரும் பொருட்படுத்தவில்லை. அறுந்த துண்டை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பவில்லை. உங்களைப் பழைய காகிதங்கள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். உலையே இல்லாத அந்த அறையிலிருந்து வந்தும், மாலையில் எண்ணெய் போகக் கை தேய்ப்பதை நீங்கள் விடவில்லை. நான்கு வருடம் கழித்து மாரடைப்பில் போய்விட்டீர்கள்.

யாதகிரிக்குக் கை போன பிறகு கேண்டீனில் டோக்கன் கொடுக்கும் வேலை. அக்கா காபி டம்ளரை அவருடைய இடது பக்கமாகப் பார்த்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. இந்த வருட ஆயுத பூஜைக்கு, ராடுகளை அடுக்கிவைக்கும் ஸ்டோரை அலங்கரித்ததை, தெலுங்கும் தக்கினி உருதுவுமாகக் கலந்து சொல்ல ஆரம்பித்தார்.

உங்களுக்கு அந்த வழக்கம் தெரியும். ராடின் முனையில் அடித்திருக்கும் வர்ணம்தான் அது எந்த உருக்கு என்பதற்கு அடையாளம். கலப்பு உருக்குக்கு நீலம், சாதாரண உருக்குக்கு மஞ்சள். பூஜைக்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்து, மங்கிய முனைகளுக்கும் புது வர்ணம் அடித்து, மேலே சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள்.

"புது ஆளுங்க அடிக்கிறதப் பாத்துட்டு நின்னேன் சார். வரிசைக்கு ஒரு டப்பா. இந்த வரிசை பூரா நீலம், அந்த வரிசை பூரா மஞ்சள். ஒவ்வொரு ராடா யாரும் பாக்கல. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. என் கை போறதுக்கு முந்தின பூஜையில பிரஷ் பிடிச்சது நான்தான்."

நான் நிருபராகவே கேட்டேன். "நீல வரிசையில வேற ராடு கலந்திருந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே ஒரு ராடுக்கு மட்டும் ரெண்டு தடவை அடிச்சேன். நீலம் அடிச்சா பச்சையாத் தெரிஞ்சுது. பெயிண்டுல தண்ணிய ஊத்திட்டாங்கன்னு திட்டிக்கிட்டே இன்னொரு தடவை அடிச்சேன்."

"அடியில மஞ்சள் இருந்திருக்கு."

"ஹவ் சார், ஆமா. மஞ்சள்."

பிறகு நடந்ததை நாமே சொல்லிவிடலாம். ராடுகளை வெட்டிக் கடைந்தபோது முனைகள் போயின, வர்ணம் போயிற்று, அதில் குத்தியிருந்த எண்ணும் போயிற்று. உங்கள் உலைக்கு ஒரே மாதிரிப் பளபளக்கும் பத்து ராடுகளும் கலப்பு உருக்கு என்று எழுதிய ஒரே ஒரு அட்டையும் வந்தன.

மீனா கதவோரம் நின்றாள். "மாமா, அவர் பேர எழுத நக்கோ, வேணாம். கையும் அவருக்கே போச்சு, பழியும் அவருக்கேவா?" எப்போதாவதுதான் அவள் தமிழில் பேசுகிறாள்.

யாதகிரி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "போடட்டும்மா. சாமிக்குன்னு செஞ்சது. திருடலையே. பெரிய சார் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில்கிட்ட நின்னு, 'என் பர்னஸ் உன்னை அடிக்கல யாதகிரி'ன்னார். நான் முகத்தத் திருப்பிக்கிட்டேன். பேப்பர்ல போட்டிருந்தாங்களே, அதைத்தான் நம்பினேன்."



அவர் போன பிறகு அக்காவிடம் என் சிரமத்தைச் சொன்னேன். அறுந்த துண்டு பழைய இரும்போடு போய்விட்டது. இத்தனை வருடம் கழித்து ஒரு மனிதரின் ஞாபகம் மட்டும்தான் சாட்சி. அத்தான் சொன்னதே சரி என்று இன்றும் என்னால் நிரூபிக்க முடியாது. அன்றைக்குக்கூட நான் பெயர் போடவில்லை, பதவியைத்தான் போட்டேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏலே, பேரு போடலன்னு எங்கிட்டயா சொல்லுத? அந்த ஷாப்புக்கு எத்தன போர்மேன்? ஒருத்தர்தானே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உன்ன இப்பம் யாரு நிரூபிக்கச் சொன்னா? நீ கேக்காம எழுதுன. அத எழுது. அதுக்கு எவன் சாட்சி வேணும்?"

அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் பேசினேன். பழைய கதை, யாருக்கு வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். ஓய்வு பெற எனக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தினமும் கேட்பேன்.

ஒன்று மட்டும் உறுதி, அத்தான். அது வந்தால் மூன்றாம் பக்கத்தில் வரும், கீழே, அதே இடத்தில். அதில் பதவி இருக்காது. சண்முகசுந்தரம் என்று உங்கள் பெயர் இருக்கும். யாதகிரி சொன்னது அவர் சொன்னபடியே இருக்கும். சம்பந்தப்பட்டவரை நிருபர் கேட்கவில்லை என்பது முதல் வரியாக இருக்கும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அன்று நான் ஏறாத பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வருவேன். அக்காவின் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். அவள் தப்பு என்று சொல்லும் இடத்தை அங்கேயே அடித்துத் திருத்துவேன்.

அந்த ஒரு வார்த்தையை இப்போது கேட்கிற,
உங்கள் மைத்துனன்
நெல்லையப்பன்