வியாழக்கிழமை வந்த அதிகாரி

சேர்,

இன்று காலை நம் பழைய பள்ளிக்கூடத்தில் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தை நடத்தும் அதிபரும் வந்துபோகும் அதிகாரிகளும் எழுதும் புத்தகம். புரட்டப் புரட்டச் சிவப்பு மையில் குறை, குறை, குறை. பிறகு நீல மையில் உங்கள் எழுத்து: "ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தேன். நான் வரைந்த மீனைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்." நானும் சிரித்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான்கு வருடத்தில் மூன்று அதிபர்கள் ஓடிப்போன பள்ளிக்கூடம் அது. நான்காவது ஆள் நான். உங்களுக்கு முன்னிருந்த வட்டாரக் கல்வி அதிகாரி என் கதிரையில் இருந்துகொண்டு, ஆசிரியர்கள் பார்க்க என்னை நிற்கவைத்து ஏசுவார். நீங்களோ என்னைவிட ஆறு வயது இளையவர். இவரிடமும் ஏச்சு வாங்கவா என்று, பழையபடி ஆசிரியராகவே விடும்படி கடிதம் எழுதி வைத்திருந்தேன்.

முதல் நாள் பிள்ளைகள் இருக்கும் வாங்கை இழுத்துப் போட்டு அமர்ந்து, மூத்த சகோதரனை அழைப்பதுபோல் என்னைக் காக்கா என்றீர்கள். "கதிரையில நீங்க இரிங்க காக்கா, அது அதிபர்ட கதிரை." கடிதத்தை வாசித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். "வியாழக்கிழமை வாறன். அதுவரைக்கும் இது என்னட்ட இரிக்கட்டும்."

வியாழன் நீங்கள் வரும்போது கேற்றடியில் கூட்டம். கரைவலை இழுத்துவிட்டுப் பிந்தி வந்த பிள்ளைகளை வெளியே விட்டு நான் கேற்றைப் பூட்டியிருந்தேன். அவர்களின் வாப்பாமார் இடுப்பில் ஈரச் சாரத்தோடு வந்து நின்றார்கள். அன்று பார்த்து ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் லீவு.

"சேர், நீங்க கதைங்களேன்" என்றேன்.

"நான் கதைச்சா நாளைக்கு உங்கட சொல்ல ஆர் கேப்பா? வகுப்ப நான் பாக்கன். நீங்க போங்க."

கேற்றடிக்குப் போனேன். ஒருவர், "வெள்ளன வந்தா மீன் வராது, கேற்றப் பூட்டினா புள்ள வராது சேர்" என்றதும் கூட்டமே சிரித்தது. வலை நாட்களில் பிந்தும் பிள்ளைகளுக்கு விட்ட பாடத்தை நானே பின்னேரம் படிப்பிப்பது, மற்ற நாட்களில் அவர்கள் நேரத்துக்கு அனுப்புவது என்று பேசி முடித்தோம்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "திரும்பச் செய்றண்டா என்னத்த மாத்துவீங்க?"

"பூட்டியிருக்க மாட்டன்."

பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தீர்கள். ஓர் ஆசிரியையை எல்லாருக்கும் முன்னால் நான் ஏசியதைக்கூட, நாம் இருவரும் தனியாகக் கடற்கரையில் நடக்கும்போதுதான் பேச்சில் எடுத்தீர்கள். "அது பிழை காக்கா. அவட்டப் போய்ச் சொல்லுங்க." போய்ச் சொன்னேன்.

தவணை முடிவில் கடிதத்தை நீட்டினீர்கள். "மேல அனுப்பட்டா?" வியர்வையில் ஊறி ஓர் எழுத்தும் தெரியவில்லை. "என்னத்த அனுப்பப் போறீங்க?" என்றேன். சிரித்த சிரிப்பில் பிளேன்டீயைக் கொட்டிவிட்டீர்கள். பதினொரு வருடம் அங்கேயே இருந்தேன்.

உங்கள் ஜனாஸா அன்று, மண் போட்டுவிட்டு மையவாடி வாசலில் நின்றோம். "திங்கக்கிழமையெண்டா எங்கட பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவாரு" என்றார் ஓர் அதிபர். "எனக்குச் செவ்வாய்" என்றார் இன்னொருவர். தான் மட்டும்தான் உங்கள் சிநேகிதர் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்! அழுத கண்ணோடு சிரித்தோம். எங்களில் ஒருவரும் பதவியை விட்டுப் போயிருக்கவில்லை.

இப்போதும் யாரையாவது திருத்த வேண்டுமென்றால், ஆளைத் தனியாக நடக்கக் கூட்டிப் போகிறேன். "கொஞ்சம் நடந்துட்டு வருவமா எண்டு நீங்க கேட்டாலே மருமகனுக்கு வயித்தக் கலக்குது" என்கிறாள் என் மனைவி.