லாலாங் மேட்டில் நான் ஓடிய கதை

குனோங் ராபாட், ஈப்போ
16.9.1979

அன்பு மகள் நவமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் கெண்டைக்கால் மட்டும்தான் சுகமில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் அந்த வேல்ஸ் குளிரில் சளி கிளி பிடிக்காமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்தால் மலையடிவாரத்துப் புல்வெளியைச் சுற்றி ஜாக்கிங் ஓடுகிறேன், இரண்டு மைல், நம் பேச்சில் இரண்டு கட்டைத் தூரம் இருக்கும், கிளம்பிய கேட்டுக்கே திரும்பி வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போட்டோவில் அவ்வளவு பெரிய மலையில் ஒரு மரம்கூட இல்லையே, யார் வெட்டினார்கள்? நாம் முன்பிருந்த ரப்பர் தோட்டத்தில் மலை மொட்டையாக இருந்தால் பழைய கித்தா மரத்தைச் சாய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த ஆடுகள் யாருடையவை, மேய்க்க ஆளே இல்லையா? அந்த ஒற்றையடிப் பாதையைப் போட்டது ஆடா மனிதனா? கிளம்பின எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குலா ஓடணும், அங்கேயே நின்னுக்கிட்டு இருக்கலாமே என்று பட்டறையில் என்னோடு வேலை செய்யும் இப்ராஹிம் கேட்டார். ஒன்று தெரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியுமே.

உன் அம்மா அந்தப் போட்டோவைக் கையில் வாங்கவே இல்லை. நர்ஸ் படிப்பு முடிந்ததும் நீ வந்துவிடுவாய் என்று சுங்கை சிப்புட் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள், நீ அந்த ஆஸ்பத்திரியிலேயே இன்னும் இரண்டு வருடம் வேலை செய்யக் கையெழுத்துப் போட்டுவிட்டாய். அதோடு என் கடிதத்தின் அடியில் அவள் எழுதும் இரண்டு வரி நின்றுபோனது. அம்மா ஏன் எழுதவில்லை என்று நீ கேட்காத கடிதம் இல்லை. நானும் கேட்டுப் பார்த்தேன், சட்டி தேய்க்கிற சத்தம்தான் பதிலாக வந்தது. ஆனால் உன் கடிதத்தை நான் வாய்விட்டுப் படிக்கும்போது மட்டும் அந்தச் சத்தம் நின்றுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், இதில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடுவோமே என்று பட்டறைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற லாலாங் புல் மேட்டுக்குப் போனேன். பால்கார சீனியின் மாடுகள் மேயுமே, அந்த மேடுதான். மாடுகள் நடந்து நடந்து போட்ட தடம் புல்லுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய வாய்க்கால் பாலத்துக்கே வந்து சேருகிறது. ஓட ஆரம்பித்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் புல்லெல்லாம் காற்றில் ஒரே பக்கமாகச் சாய, எனக்கே குஷி வந்துவிட்டது. அப்போது சீனி என்னைப் பார்த்து, என்னாண்ணே, யாருக்கு என்னா ஆச்சு என்று கத்தினான். மூச்சு வாங்கியதால் ஒன்றுமில்லை என்று கையை மட்டும் ஆட்டினேன். அவன் அதை வா என்று எடுத்துக்கொண்டு மாட்டை விட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. நம் தெருக்காரர்கள் எல்லாரும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், அங்கே வயசாளி ஒருவன் ஓடினால் பாம்புக்கடி, இல்லை என்றால் சாவு. சும்மா ஓடினவன் எவனும் இல்லை. சீனி ஓடுவதைப் பார்த்துத் துணி காயப்போட்ட ராக்காயி ஓட, அவள் பின்னால் மண்வெட்டியோடு இரண்டு பேர் ஓட, கடைசியில் நம் தெருவே ஜாக்கிங் வந்தது. முன்னால் ஓடுகிறவனுக்கு விஷயம் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். இவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

யாரோ நம் வீட்டில் போய், அண்ணே ஓடுறாரு, லண்டன்லேருந்து தந்தி போல என்று சொல்லிவிட்டார்கள். வேல்ஸ் என்றாலும் இவர்களுக்கு எல்லாம் லண்டன்தான். உன் அம்மா தடத்தின் மறுபக்கமாக ஏறி எனக்கு எதிரே ஓடிவந்தாள். காலில் செருப்பு இல்லை, லாலாங் கிழித்து முழங்காலுக்குக் கீழே ரத்தம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எம்புள்ளைக்கு என்னா, மறைக்காம சொல்லிருங்க என்றாள். ஒன்றுமில்லை வீரம்மா, உன் மகள் மாதிரி ஓடிப் பார்த்தேன் என்றேன். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். அவள் மட்டும் எழுந்து சுற்றிப் பார்த்தாள். எதிரே சுண்ணாம்பு மலைகள், கீழே ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டை வெயிலில் மின்னியது. இத்தனை வருடத்தில் இங்கே ஏறியதே இல்லை அவள். அவ ஓடுற எடமும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். கிட்டத்தட்ட என்றேன். சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, மிச்சத்தையும் சுத்திட்டே போலாம் என்று சொல்லி முன்னால் நடந்தாள். வழியெல்லாம் உன்னைப் பற்றியே கேள்வி. தனியாகவா ஓடுகிறாய், அந்த ஆடுகள் முட்டாதா, பனி மூடிவிட்டால் தடம் எப்படித் தெரியும், ஓடப் போகும் முன் என்ன சாப்பிடுகிறாய்? வீட்டுக்கு வந்ததும் போட்டோவை அவளே எடுத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஒரு சுற்று நடக்கிறோம். இப்ராஹிம் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, நீதான் எழுத வேண்டும்.

மழை நாளில் ஓடாதே, தலையை ஈரமாக வைத்துக்கொள்ளாதே. அம்மாவின் கேள்விகளுக்கு ஒன்றுவிடாமல் பதில் எழுத மறக்காதே. முருகன் உன் கூடவே இருப்பான், நோய் நொடியில்லாமல் நூறு வயசு இரு.

உன் அப்பா
மாயாண்டி

நவமணி, அம்மா எழுதுறேன். கால்ல காயம் ஆறிருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன், நீ அத நெனச்சு கவலப்படாத. நம்ம ஆளுங்க ஓடுனா கெட்ட சேதின்னுதான் எனக்குத் தெரியும். நீ ஓடுனா நல்லா இருக்கேன்னு அர்த்தம், அத இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஓடுனேன்னு ஒவ்வொரு கடுதாசிலயும் எழுது. எழுதலன்னாத்தான் எனக்குப் பயம்.