உள்ளேன் ஐயா

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

செவ்வாயன்று எங்கள் கிடங்கில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. பயப்படாதே, வெறும் ஒத்திகைதான். எல்லோரையும் வெளியே நிற்க வைத்து மேனேஜர் பெயர் கூப்பிட்டார். என் முறை வந்ததும் விறைத்து நின்று, "உள்ளேன் ஐயா!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில்தான் எனக்குக் கண்ணீர் வந்தது என்று நினைத்திருப்பார்கள்.

பட்டாளத்தை விட்டு வந்து முப்பது வருடமாகியும், நம் எல்லோர் பெயரையும் கூப்பிட்டு ஆள் எண்ணாமல் அப்பா சோற்றில் கை வைத்ததில்லையே! நான் இங்கே வந்த பிறகும் என் பெயரைக் கூப்பிட்டு, "அவ டூட்டியில இருக்கா" என்று அவரே பதில் சொல்வாராம். தம்பி சொன்னான்.

அப்பாவின் காரியத்துக்குக்கூட எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய பழைய ஸ்வெட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதே, எனக்கு அனுப்பு. இங்கே குளிர் அதிகம்.

இடைவேளை முடிகிறது. இன்னும் ஒன்றே ஒன்று. சாப்பிடும்முன் இனி தம்பி பெயர் கூப்பிடட்டும். என் பெயருக்கு அதே பதில் போதும். அப்பா பெயரையும் விட வேண்டாம். "டூட்டியில இருக்கார்" என்று நீயே சொல்லிவிடு.

உன் மகள்