இருபது நொடி சும்மா இருந்திருந்தால்

இன்று காலை, சாங்வியில் இருக்கும் என் வீட்டில், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமென்று லேப்டாப்பின் ரெசல்யூஷனை மாற்றினேன். எனக்கும் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. மாற்றியதும் திரை கோடு கோடாகக் கிழிந்து பச்சையும் ஊதாவுமாகத் துடித்தது. உன் ஞாபகம் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். லினக்ஸில், "இந்த மாற்றம் இருக்கட்டுமா?" என்ற கேள்விக்கு இருபது நொடி பதில் சொல்லாவிட்டால் திரை தானாகப் பழையபடி ஆகிவிடும். ஆகிவிட்டது. நான் அழுதேன்.

அன்று போசரியில் நாம் வேலை பார்த்த கம்பெனியிலும் இவ்வளவுதான் செய்திருக்க வேண்டும்.

டிராயிங் பிரிவில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சர்க்கரை உன் கண்ணைப் பிடித்துவிட்டது என்பது உன் வீட்டை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் முதல் ஆளாக வந்து ரெசல்யூஷனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வாய். சாயங்காலம் எல்லாரும் எழுந்த பிறகு பழையபடி வைத்துவிட்டுக் கிளம்புவாய். "கண்ணு போனா போவுது, வேலை போவக்கூடாது டி" என்பாய். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய்.

நீ டப்பாவை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போன நேரம், உன் மெஷினில் இருந்த ஒரு டிராயிங்கைத் திறந்தேன். பாதிதான் திரையில் அடங்கியது. எனக்குத்தான் பொறுமையே கிடையாதே. நீ வருவதற்குள் திரும்பப் பழையபடி மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்து, அந்தப் பழைய மானிட்டர் தாங்காத ஏதோ ஓர் அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். திரை கிழிந்தது. நடுவில் ஏதோ ஒரு பெட்டி, படிக்க முடியவில்லை. பதறிப்போய் என்டரைத் தட்டினேன். அதுவே 'இருக்கட்டும்' என்ற பதிலாகி, மாற்றம் அப்படியே நிலைத்துவிட்டது. எழுந்து வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திரும்பி வந்து திரையைப் பார்த்ததும் நீ வெளிறிப்போனாய். சூப்பர்வைசர் வந்தார். சிஸ்டம் பார்க்கும் மராத்திக்காரர் வந்து, "ஹே கோணி கேலம்?" என்றார், யார் செய்தது என்று. நான் வாயைத் திறக்கவில்லை. நீதான் என் காதருகே, "அரே, சாப்பிடப் போற அவசரத்துல நானே தெரியாம எதையோ அமுக்கிட்டேன் போல டி" என்றாய்.

அவர் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் த்ரீ மூன்றையும் சேர்த்து அழுத்தி, வெறும் எழுத்து வரும் கறுப்புத் திரைக்குப் போனார். திரை அமைப்பைச் சேமித்திருந்த கோப்பை அழித்துவிட்டு மெஷினை மறுபடி ஓட விட்டார். ஐந்து நிமிட வேலை. படம் பளிச்சென்று வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருந்தது. சூப்பர்வைசர் டிராயிங்கில் ஓர் அளவின் மேல் விரலை வைத்து, "ஏ கித்னா ஹை?" என்றார், இது எவ்வளவு என்று. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு நீ குனிந்தாய். முப்பத்தாறு என்றாய். அது எண்பத்தாறு.

வேலையை அவர்கள் பறிக்கவில்லை, ஸ்டோருக்குத்தான் மாற்றினார்கள். நீயாகத்தான் விட்டாய். "எதை அமுக்குறேன்னு எனக்கே தெரியலன்னா, நான் எதைத்தான் நம்புறது?" என்று கேட்டாய். நீ எதையும் அமுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் ஞாயிறு தவறாமல் தாபோடியில் உன் வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் டீயைக் குடித்துவிட்டு, உன் சுகர் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்வதில் இப்போது என்ன பிரயோஜனம்?

கடைசியாகப் பார்த்தபோது உனக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. தடவித் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டு முகத்தை என் பக்கம் திருப்பினாய். "நேரா இருக்கா? வீட்டுல எல்லாரும் எதைக் கேட்டாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீ சொன்னாத்தான் நம்புவேன்" என்றாய்.

நேராகத்தான் இருந்தது. அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்தது. நீ நம்பினாய். நீ போய்விட்டாய், அந்த நம்பிக்கை என்னிடமே கிடக்கிறது. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?