முதலிடம் போன பள்ளிக்கூடமும் பாஸான பாப்பாத்தியும்

மாரமங்கலம்
19-6-1986

அன்புள்ள கண்ணு செல்லப்பனுக்கு, அம்மா எழுதுவது. சேர்வராயன் சாமி துணையில் நாங்கள் மூன்று பேரும் சுகம், பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, மிளகுக் கொடி நன்றாகத் துளிர்த்திருக்கிறது. முதலில் நல்ல சேதி, உன் தங்கை பாப்பாத்தி பத்தாவது பாஸ். கணக்கில் முப்பத்தெட்டுதான், ஆனாலும் பாஸ் பாஸ்தானே. இதற்கு ஊரே சந்தோஷப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. ஊர் எழவு வீடு மாதிரி கிடக்கிறது.

போன வருஷம் நம் ஹைஸ்கூல் ஜில்லாவிலேயே முதலிடம் வந்ததென்று உங்கப்பா பஸ்ஸில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாரே, அது இந்த வருஷம் அறுபத்தோராம் இடமாம். ஹெட்மாஸ்டர் இடத்துக்குப் புதுசாக வந்த பெரிய டீச்சர் கிருஷ்ணம்மாள்தான் கெடுத்துவிட்டார், அவரை மாற்றுங்கள் என்று ஊரில் மனு எழுதிவிட்டார்கள், முதல் கையெழுத்து உங்கப்பா. எனக்கும் கோபம்தான், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று நேற்று பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்தம்மா கோபித்துக்கொள்ளவே இல்லை. உக்காருங்கம்மா, பரீட்சை எழுதினவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேரு பாஸுன்னு பாத்துத்தான் இடம் போடறாங்க, எழுதாதவங்களை யாரும் எண்றதில்லீங்க என்றார். போன வருஷம் வகுப்பில் இருபது பேர், தோற்றுவிடுவார்கள் என்று எட்டுப் பேரைப் பழைய ஹெட்மாஸ்டர் பரீட்சைக்கே அனுப்பவில்லையாம். பன்னிரண்டு பேர் எழுதி பன்னிரண்டும் பாஸ், நூற்றுக்கு நூறு. இந்த வருஷம் இருபத்துநாலு பேரையும் இந்தம்மா எழுத வைத்ததில் பதினெட்டுப் பேர் பாஸ். ஆறு பிள்ளைகள் கூடுதலாகப் பாஸாகி இடம் கீழே போயிருக்கிறது, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல. அந்த எட்டுப் பேரும் இப்போது எஸ்டேட்டில் களை வெட்டுகிறார்கள் சாமி. நம் பாப்பாத்தி அரையாண்டில் கணக்கில் வாங்கியது பதினொன்று, பழையவர் இருந்திருந்தால் அவளையும் நிறுத்தியிருப்பார்.

வந்ததும் உங்கப்பாவிடம் சொன்னேன், கையெழுத்தை எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, அதெல்லாஞ் செரி, கணக்கு வராதுங்களோட இவளையும் நிறுத்தி வெச்சிருந்தா ஸ்கூல் பேரு நின்னிருக்குமில்ல என்கிறார், பெற்ற மனுஷன். அடுப்படியில் பாப்பாத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு வேண்டாம் என்றுவிட்டாள், ஏம்மா, நான் பாஸானது தப்புங்களா என்று கேட்டாள்.

அடுத்த வாரம் மனு சேலத்தில் கல்வி ஆபீசுக்குப் போகிறது. நீ சொன்னால் உங்கப்பா கேட்பார், கையெழுத்தை எடுக்கச் சொல்லி உடனே எழுது. சேர்வராயன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், மழையில் நனையாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே கண்ணு, பாப்பாத்திக்குத் தனியாக ஒரு கவர் போடு. மேலே அவள் பேரை எழுதி, பக்கத்தில் பத்தாம் வகுப்பு தேர்ச்சி என்று பெரிய எழுத்தில் எழுது. தபால்காரர் அட்ரஸைச் சத்தமாக வாசித்துத்தான் கொடுப்பார், அந்த நேரம் உங்கப்பா வாசலில்தான் இருப்பார்.

இப்படிக்கு உன் அம்மா
சின்னத்தாயி