கேமரா சொன்ன மணி

ஆவணி 3, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

காலையில் கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜோடிக்கு அவுட்டோர் போட்டோ. பாதியில் ஒரு பேட்டரி காலி. அடுத்ததை பையில் தேடி எடுத்து, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போட்டால், வழக்கம்போல எல்லாம் மறந்துபோச்சு. தேதி, நேரம், கலர், படத்தின் அளவு. திரை முழுக்க ஜப்பான் எழுத்து. பாண்டிச்சேரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாளிலிருந்து இதே ரோதனை. குத்துமதிப்பாக பட்டனை அமுக்கி இங்கிலீஷுக்கு இழுத்து வருவதற்குள் மாப்பிள்ளைப் பையனின் பவுடர் வழிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்.

வாங்க: மெமரி கார்டு, ஆல்பம் அட்டை, பெருங்காயம்.

மத்தியானம் ஸ்டூடியோவுக்கு தொண்டூர் ஏழுமலை வந்தார். வைகாசியில் அவர் மகள் பவித்ராவின் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நான்தான். ஆல்பம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, லேப் மேல் பழியைப் போட வாயைத் திறந்தேன். அவர் ஆல்பம் பேச்சே எடுக்கவில்லை.

"ஆடிக்குப் பொண்ண அழைச்சினு வந்தேன். ஆவணி பொறந்துடுச்சி. இட்டுனு போக ஒருத்தரும் வரல மா."

விஷயம் இதுதான். மாப்பிள்ளை பிரகாஷ் ஆடியில் திண்டிவனம் ரோட்டில் பைக்கோடு விழுந்து, காலில் கட்டு. எதனால் இப்படி ஆச்சு என்று மாமியார் சரோஜா தேடியிருக்கிறாள். நாத்தனார் தீபா போனில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். நான் லிங்க் அனுப்பிய கல்யாணப் படங்களில், எடுத்த நேரமும் கூடவே இருக்கிறதாம். தாலி கட்டும் படத்தில் 10.52.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் 9 முதல் 10.30 வரை. 10.30க்கு ராகு காலம் ஆரம்பம்.

"ராவு காலத்துல கட்டின தாலின்றாங்க. கழட்டிக் குடுத்துட்டு ஆகுற வேலையப் பாருன்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, அது என் கேமரா கோளாறுங்க, பேட்டரி மாற்றினால் மறந்துபோகும், தாலிக்குச் சற்று முன்னால்கூட மாற்றினேன், அவசரத்தில் நேரத்தைத் தப்பாக வைத்திருப்பேன், நானே வந்து சொல்கிறேன் என்றேன். மனுஷன் கை எடுத்துக் கும்பிட்டார். வயசில் பெரியவர். எனக்கு உடம்பு கூசிப்போச்சு.

அந்த நேரத்துப் படம் வேறு யார் போனிலும் இல்லையா என்று கேட்டேன்.

"நீதான மா கத்துன. போனெல்லாம் எறக்குங்க, மறைக்குதுன்னு."

ஆமாம், கத்தினேன். எல்லாக் கல்யாணத்திலும் கத்துவேன்.

ஆவணி 4, புதன்

வெறும் வாயால் சொன்னால் சரோஜா நம்ப மாட்டாள். கண் எதிரில் பேட்டரியைக் கழற்றிப் போட்டுக் காட்டவேண்டும். அதற்கு வீட்டில் ஒரு ஒத்திகை.

கழற்றினேன், போட்டேன். நேரம் அப்படியே இருந்தது.

மறுபடி. அப்படியே.

வேறு பேட்டரி. அப்படியே. அடச் சனியனே! இத்தனை நாள் கழுத்தை அறுத்துவிட்டு இன்றைக்குத்தான் நல்ல பிள்ளையா நீ?

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ரிப்பேர் ஆகலன்னு அழுவுற ஒரே ஆளு ஊர்லயே நீதான்" என்றார். பதில் சொன்னால் பேச்சு வேறு எங்கோ போகும்.

பேட்டரியை வெளியே வைத்துவிட்டு ரசம் வைக்கப் போனேன். இறக்கிவிட்டு வந்து போட்டால், ஜப்பான் எழுத்து.

அதாவது உடனே போட்டால் மறப்பதில்லை. கொஞ்ச நேரம் விட்டால்தான் மறக்கிறது. பெருங்காயம் இல்லாத ரசம் வாயில் வைக்க வழியில்லை.

ஆவணி 5, வியாழன்

சென்னையில் கேமரா சர்வீஸ் செய்கிறவருக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே டிரில்லிங் சத்தம்.

"உள்ள பொட்டு சைஸ்ல இன்னொரு பேட்டரி இருக்கும்மா. நேரத்த அதான் ஞாபகம் வச்சிக்கும். பெரிய பேட்டரி உள்ள இருந்தா அது சார்ஜ் ஏத்திக்கும். உங்களுது வயசாயிடுச்சு. கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் படுத்துக்கும். கொண்டாங்க, மாத்திடலாம்."

இப்போதைக்கு மாற்றவேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வந்த ஆளின் காதை விட்டுவிட்டு எடுத்துவிட்டேன்.

ஏனென்றால், தாலி கட்டுவதற்கு முன்னால் பேட்டரி மாற்றியது கண் மூடித் திறப்பதற்குள். மாற்று பேட்டரி இடுப்புப் பையில் தயாராக இருந்தது. டீயும் குடிக்கவில்லை, தேடவும் இல்லை. அப்படி மாற்றினால் கேமரா மறக்காது. மறந்திருந்தால் ஜப்பான் எழுத்து வந்திருக்கும், நான் திட்டியிருப்பேன். மண்டபத்தில் திட்டியதாக ஞாபகமே இல்லை. நேரம் வைத்ததோ அன்று காலையில், போனைப் பார்த்து, சுத்தமாக.

அப்படியானால் 10.52 சரியான மணிதான்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வருகிறது. பின்னால் நின்று விளக்குப் பிடிக்க நாத்தனார் வரவில்லை. தீபாவுக்குக் கொண்டையில் பூ நிற்கவில்லையாம், ரூமுக்குள் அதைக் குத்திக்கொண்டிருந்தாள். ஐயர் இரண்டு முறை குரல் கொடுத்தார். இன்றைக்கு மணி பார்த்துச் சொன்னவளும் அதே மகராசிதான்!

கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் திறந்து சுவர்க் கடிகாரத்தைத் தேடினேன். அதன் மேல் வாழ்த்து பேனர் கட்டியிருக்கிறார்கள். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

ஆவணி 6, வெள்ளி

காலையில் தூறல். பஜாரில் ஒரே சேறு. ஞாயிற்றுக்கிழமை எமகண்டத்துக்கு முன்னால் வரச்சொல்லி சரோஜா வீட்டிலிருந்து தகவல்.

பவித்ரா போன் செய்தாள்.

"அக்கா, கண்டிப்பா வருவீங்கல்ல?"

"வரேன்டி. அவரு பேசுறாரா?"

"தினம் சாப்டியான்னு ஒரு மெசேஜ் வருது. நான் சாப்ட்டேன்னு போடுவேன். அவ்ளோதான். அவங்கம்மா முன்னாடி அவரால பேச முடியாதுக்கா."

வைத்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ராகுவிடம் இல்லை. நான் செய்யப்போகிற காரியத்தை நினைத்து. கேமரா மறக்கும் என்பது உண்மை. அன்றைக்கு மறந்தது என்பது பொய். உண்மையைக் காட்டிப் பொய்யை நம்பவைக்கப் போகிறேன். போகாமல் இருந்தால் அந்தப் பெண்ணின் கழுத்தில் இருப்பதைக் கழற்றிவிடுவார்கள். போகத்தான் வேண்டும். இவரிடம் சொல்லவில்லை.

ஆவணி 7, சனி

கேமராவில் பேட்டரியைப் போட்டே வைத்திருக்கிறேன். முதலில் சரியான நேரம் காட்டவேண்டும், பிறகு மறக்கவேண்டும். நடுவில் ஒரு ரசம் கொதிக்கிற நேரம் பேச்சை இழுக்கவேண்டும்.

சாயந்திரம் ஒரு காதுகுத்து. குழந்தை என் லென்ஸைக் கடித்துவிட்டது.

ஆவணி 8, ஞாயிறு

இப்போதுதான் வந்தேன். சமையலுக்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன்.

சரோஜா வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். சரோஜா நாற்காலியில். தீபா கையில் போன். பிரகாஷ் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. ஏழுமலையை மட்டும் உட்காரச் சொன்னார்கள். பவித்ரா செருப்போடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

கேமராவைப் போட்டுக் காட்டினேன். நேரம் சரியாக இருப்பதை தீபா தன் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன்.

"காபி சாப்டுறியா?" சரோஜா.

"குடுங்க." நான் காபியே குடிப்பதில்லை.

பிரகாஷின் காலில் பிளேட் வைத்திருக்கிறதா, கம்பியா என்று கேட்டேன். எந்த டாக்டர் என்று கேட்டேன். காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டேன். தீபாவின் ஜாக்கெட் டிசைன் எங்கே தைத்தது என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

"இன்னாக்கா, கையிலயே வச்சினு இருக்கீங்க? போட்டுக் காட்டுங்க" என்றாள் தீபா.

"சூடா இருக்குது. ஆறட்டும்மா."

பேட்டரி சூடாக இல்லை. என் கைதான் கொதித்தது. காபி தீர்ந்துவிட்டது, பேச்சும் தீர்ந்துவிட்டது. இனி இழுத்தால் சந்தேகம் வரும். முருகா என்று போட்டேன்.

ஜப்பான் எழுத்து.

சரோஜா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். "இன்னா எழுத்துடி இது?"

"ஜப்பான் மா. தேதி பாரு, ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது." தீபாவின் குரல் இறங்கிவிட்டது. அன்றைக்கும் அவசரத்தில் குத்துமதிப்பாகக் கையால் வைத்த நேரம்தான் என்றேன்.

"இன்னிக்கு இன்னா மாசம்னே தெரியாத இந்தக் கருமம் சொன்னதையா நாம நம்பினோம்?" சரோஜா மகளின் கையிலிருந்த போனைப் பிடுங்கி டிவி மேல் வைத்தாள். வாசல் பக்கம் பார்த்து, "வாசல்லயே நின்னா இன்னா அர்த்தம்? செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. அவனுக்கு மாத்திரை குடுக்கணும்" என்றாள்.

ஏழுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கேமராவைப் பையில் போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வழியனுப்ப பவித்ரா தெரு வரைக்கும் வந்தாள். திரும்பிப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"அக்கா, உங்க கேமரா தப்பு காட்டல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தல குனிஞ்சினு இருந்தேனா, அவரு கை என் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. வாட்ச்ச பாத்துட்டேன். பத்து அம்பதுக்கு மேல ஆயிடுச்சு."

"அவருக்கு?"

"அவரும் பாத்தாரு. நான் பாத்ததையும் பாத்தாரு. சிரிச்சிட்டே முடிச்சு போட்டாரு." அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. "யாருக்கும் சொல்லாதீங்கக்கா."

உள்ளேயிருந்து பிரகாஷ் குரல். "பவி, சாப்டியா?"

ஓடிவிட்டாள்.

ஆவணி 9, திங்கள்

வெயில். பெருங்காயம் வாங்கியாச்சு.

ஆல்பத்தை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கத்துக்கு அந்தத் தாலிப் படத்தைத்தான் எடுத்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் இரண்டு பேரும் இப்படிச் சிரிக்கிற படம் எனக்கு எந்தக் கல்யாணத்திலும் அமைந்ததில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

இன்றைக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாலைக்கும் மல்லிகைக்கும் நடுவில் அவன் மணிக்கட்டு. வாட்ச். முள் பளிச்சென்று தெரிகிறது. தீபா கண்ணில் மட்டும் பட்டால் போதும்.

பக்கத்திலிருந்த மல்லிகையை ஒரு முழம் காப்பி எடுத்து வாட்ச்சின் மேல் விட்டேன். சிரிப்பைத் தொடவில்லை. லிங்கிலும் இதையே மாற்றிப் போட்டுவிட்டு லேபுக்கு அனுப்பியாச்சு.